பாலாற்றின் கடைமடையில்

கருநாடகத்து நந்தி மலையில் தோன்றும் பாலாறு மூன்று மாநிலங்களில் 348 கி.மீ. நடந்து, செங்கற்பட்டு மாவட்டத்தில் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலொடு கலக்கிறது. வழியில் வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. அங்குத் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறளித்தது. ஆயினும் அத்தொழிலின் உப்பும் குரோமியமும் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர் தொழில் என்பதற்காக இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மதரஸாவில் இதனை ஓதிய பிள்ளைக்குச் செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியைக் காட்டினால் போதும்; நகரக் கழிவுநீர் பல்லாண்டுகள் அதில் விழுந்தது. கழிவின் சத்தை உண்டு ஆகாயத்தாமரை பெருகும். அது மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் சாகும்.

சிறுவர்களால் தொழிற்சாலையைத் திருத்த இயலாது. ஆனால் மீந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றும் அன்னையைத் தடுக்க இயலும்; வாய்க்காலில் குப்பை கொட்ட வருபவரை, ‘ஏன் மாமா?’ என்று கேட்க இயலும். அறிவிப்புப் பலகைக்கு நாணாத பெரியவரும் பிள்ளையின் கேள்விக்கு நாணுவர்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், திருக்கழுக்குன்றம் சாலையில் பக்கிங்காம் கால்வாயருகே பேருந்தைச் சற்று நிறுத்தட்டும். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை மாணவர்கள் எண்ணட்டும். அவற்றுள் எத்தனை தம் வீட்டிலும் உள்ளவை என்று குறித்துக்கொள்ளட்டும். கடற்கரைக் கோயிலை அதன்பின் காணலாம்.