இணையம் நின்றால் எங்கே பார்ப்பது?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தொழிற்சாலைகளும் சாலைப் பணிகளும் பெருகியுள்ளன. மண் தோண்டுதலும் மிகுதி. ஆகவே ஊராட்சி அலுவலகத்தில் இணையம் நின்றதும், கேபிள் அறுந்துவிட்டதென்று நாம் வாளாவிருந்துவிடுகிறோம். வீட்டு வரி செலுத்த வந்த உழவர் ஒரு நாள் வேலையை இழந்து திரும்புகிறார். பல வேளைகளில் குறை அறைக்குள்ளேயே இருக்கும். எனவே அருகிலிருந்து தொடங்கித் தொலைவு நோக்கி வரிசையாகச் சோதித்தல் வேண்டும்.

1. ஒரு கணினி மட்டும் நின்றதா, எல்லாம் நின்றனவா? ஒன்று மட்டுமெனில் அதன் வயரைக் கழற்றி மீண்டும் பொருத்துக. அதன் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள்.

2. எல்லாம் நின்றிருப்பின், கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கைக் காண்க. அது சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. இழை மேசைக்கடியில் மடங்கியிருக்கலாம். வெளியே அறுந்தும் இருக்கலாம். அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டு செல்லலாகாது.

3. விளக்கு சரியாக இருந்து, 'பிங் 8.8.8.8' என்ற கட்டளைக்கு விடை வந்தும், தளங்கள் பெயரால் திறக்கவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். ஏற்பாட்டைச் சரிபார்க்க வேண்டும்.

ரூட்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்து ஏற்றலாம். 'ரீசெட்' பொத்தானை அழுத்தலாகாது. அமைப்புகள் யாவும் அழிந்துவிடும். கண்டவற்றை நேரத்துடன் குறித்துச் சொன்னால், பழுது நீக்க வருவோர் வீணே தேட வேண்டுவதில்லை.

பள்ளம் தோண்டுவோர் முன்னறிவிக்க, 2023இல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை வெளியிட்டது. நம் ஊராட்சிப் பணிகளிலும் அதனைக் கைக்கொள்வோமாக.