இறாலும் அதன் உறையும்

கடற்கரை ஊர்களிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்துள்ள நம்மவர்க்கு மீனும் இறாலும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் மங்களூர்க் கடல் இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே, உறைக்குள் அடைத்துக் குளிரில் வைத்த இறாலையே நாம் பெரும்பாலும் வாங்குகிறோம். 1950ஆம் ஆண்டு முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செலுவாம்பா மாளிகையில் இயங்கிவரும் நகரம் இது. இங்கே உணவு விஞ்ஞானம் பயில்பவன் என்ற முறையில், அந்த உறையைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

இறால் கெடுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அதன் உடலிலேயே உள்ள நொதிகள். இவற்றுள் ஒன்று காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து தலையிலும் ஓட்டிலும் கறுப்புப் புள்ளிகளைத் தோற்றுவிக்கிறது. இப்புள்ளிகளால் உடலுக்குத் தீங்கில்லை, விலைதான் குறையும். மற்றொன்று பாக்டீரியாக்கள். குளிர் இவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர அடியோடு நிறுத்திவிடாது.

இனி, உறை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரணப் பாலித்தீன் பை ஈரம் வற்றாமல் காக்கும், தூசியைத் தடுக்கும். ஆனால் பிராணவாயு அதனூடே மெல்ல நுழைந்துவிடும். நைலான் முதலிய பல அடுக்குகள் கொண்ட உறையில் காற்றை வெளியேற்றி மூடினால், கறுப்பு தோன்றுவது தாமதப்படும். காற்றை விரும்பும் பாக்டீரியாக்களும் தளரும். மூன்றாவது முறையில், காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயுவையும் நைட்ரஜனையும் நிரப்புகிறார்கள். கரியமில வாயு தசையிலுள்ள நீரில் கரைந்து புளிப்புத் தன்மையை உண்டாக்கிப் பாக்டீரியாக்களை அடக்குகிறது. அது கரைவதால் உறை சுருங்கிவிடாதபடி நைட்ரஜன் இடத்தை நிரப்பி நிற்கிறது.

அப்படியானால் காற்றில்லா உறையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் ‘கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்’ என்னும் பாக்டீரியா ஒன்று உண்டு. அதன் சில வகைகள் 3 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலேயே வளர்ந்து உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்க வல்லவை. வழக்கமான பாக்டீரியாக்கள் அடங்கிக் கிடப்பதால், கெட்ட நாற்றம் எழுந்து நம்மை எச்சரிக்கும் முன்பே நஞ்சு தோன்றிவிடக்கூடும். வீட்டுக் குளிர்பெட்டி பல சமயம் 4, 5 டிகிரியில்தான் இருக்கிறது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே நண்பர்களே, காற்று நீக்கிய உறையில் குளிரவைத்த இறாலை வாங்கினால், அதைப் பனிக்கட்டியின் நடுவே கொண்டுவந்து அன்றே சமையுங்கள். உறைபனியாக வாங்கியதென்றால், உறையைப் பிரித்த பின்னரே குளிர்பெட்டியில் வைத்து உருகவிடுங்கள். உயிருள்ள மட்டியையும் சிப்பியையும் காற்றுப் புகாத பையில் அடைக்காதீர்கள், நன்னீரிலும் ஊறவைக்காதீர்கள். அவை இறந்து கெட்டுவிடும். ஈரத்துணி போர்த்திக் குளிரில் வைப்பதே முறை.

உறை எத்துணைச் சிறந்ததாயினும் குளிருக்குத் துணையாக நிற்குமே அன்றி, குளிரின் வேலையைத் தானே செய்துவிடாது.