மீண்டு வந்தவர்

இராசிபுரத்திலிருந்து சேலத்திற்குச் செல்லும் சாலை ஆண்டகளூர்க் கேட்டைக் கடந்து, மல்லூர் வழியாக வடக்கு நோக்கிச் செல்கின்றது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. இராசிபுரம் நாமக்கல் மாவட்டத்து ஊரானது 1997-ஆம் ஆண்டில்தான். அதற்குமுன் நெடுங்காலம் அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நெய்க்கும் தறிக்கும் பெயர்பெற்ற இவ்வூரார்க்குச் சேலமே தலைமை நகரம். அந்நகரில் நூற்று நாற்பது ஆண்டுகட்கு முன் நடந்த ஒரு வழக்கைப் பற்றி அறிவது, இப்பகுதி மாணவர்கள் தம் ஊர்க் கதையை அறிவது போன்றதேயாகும்.

1882-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சேலத்தில் இரு சமயத்தாரிடையே பெருங்கலகம் மூண்டது. தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள், வழிபாட்டிடத்தையும் ஊர்வலத்தையும் பற்றிய பூசலால் பகைவராயினர். கலகம் அடங்கியபின் அரசினர் குற்றவாளிகளைத் தேடினர். தேடுவது முறையே. ஆனால், பெருங்கூட்டம் ஒன்று செய்த குற்றத்திற்கு ஆள் தேடும்போது, செய்தவன் அகப்படுவதைக் காட்டிலும், அகப்பட்டவன் செய்தவனாகிவிடுவது எளிது. சாட்சி சொல்ல வருபவனுக்குப் பழைய பகையும் இருக்கலாம். புதிய அச்சமும் இருக்கலாம். சேலத்திலும் அதுவே நேர்ந்தது.

அவ்வாறு அகப்பட்டவருள் ஒருவர் சி. விஜயராகவாச்சாரியார். அவர் 1852-ஆம் ஆண்டு செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்பு சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தவர். சட்டத்தைத் தாமே படித்துத் தேறி வழக்கறிஞரானார். நகராட்சி மன்றத்தின் உறுப்பினராகவும் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பது. கலகத்தைத் தூண்டியவர் இவரே என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பத்து ஆண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

அவர் கலங்கி ஒடுங்கிவிடவில்லை. தமக்காகத் தாமே வாதாடினார். வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர் அதனை ஆராய்ந்தார். விஜயராகவாச்சாரியார் குற்றமற்றவர் என்பது முடிவாயிற்று.

கதை இத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணுவர். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. இனி என்ன குறை? குறை இருந்தது. தீர்ப்பு என்பது ஒரு தாள். அது நீதிமன்றப் பேழையில் இருக்கும். வீதியில் அவருக்கு முன்னே நடந்து செல்லாது. விஜயராகவாச்சாரியார் வகித்த நகராட்சி உறுப்பினர் பதவியை அரசினர் பறித்திருந்தனர். தண்டனை பொய்யானபின்பும் அப்பறிப்பு மெய்யாகவே நின்றது. ஊர் மன்றத்தில் தமக்கிருந்த இருக்கையே அவர் வேண்டியது. அரசப் பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். இந்திய மந்திரியின்மீதே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு 1884-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைத் தொகுதியில் இன்றும் காணக் கிடைக்கின்றது. அவருக்குக் கிடைத்த ஈட்டுத்தொகை 100 ரூபாய்!

நூறு ரூபாய்க்காகவா இத்தனை பாடு என்று சிலர் நகைத்திருக்கலாம். தொகை சிறிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடலுக்கப்பால் இருந்து இந்நாட்டை ஆண்ட பேரரசு, சேலத்து வழக்கறிஞர் ஒருவருக்குத் தான் தவறு செய்ததை ஏற்று அத்தொகையைக் கொடுக்க நேர்ந்தது. இழந்த பெயருக்கு அது விலையன்று; பெயர் இழக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகின்றது. அதே கலகத்திற்காக வேறு பலரும் தண்டிக்கப்பட்டு அந்தமான் தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். (பாடநூல்களில் நாம் படத்தில் காணும் சிற்றறைச் சிறை அப்போது இல்லை, அதன் கட்டடப் பணி 1896-இல்தான் தொடங்கிற்று. ஆனால் கைதிகளின் குடியிருப்பு 1858 முதலே அத்தீவில் இருந்தது.) விஜயராகவாச்சாரியார்மீது பொய்யுரைத்த சாட்சிகள் சிலர் அவர்கள்மீதும் சாட்சி கூறியிருந்தனர். ஒருவரிடத்துப் பொய்யென்று தள்ளப்பட்ட சொல், மற்றவரிடத்து மட்டும் மெய்யாக இருக்க முடியுமா? தம் வழக்கு வென்றதும் வீட்டுக்கதவை அடைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் அவர். அப்படி இருந்திருந்தால் குறை கூறுவாரும் இலர். அவரோ அந்தமானில் கிடந்தவர்களுக்காக மீண்டும் வாதாடினார். அவர்கட்கு விடுதலையும் வாங்கித் தந்தார்.

கப்பலேறிப் போனவர்கள் கப்பலேறி மீண்டனர். அவர்களுள் ஒருவர் நெசவாளர் என்று வைத்துக்கொண்டு, அவர் தம் தெருவுக்குள் நுழையும் நேரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடல் கடந்தவனைச் சாதியினின்று விலக்கிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. தாமே விரும்பிக் கடல் கடந்தாரா, விலங்கிட்டுக் கடத்தப்பட்டாரா என்று அவ்வழக்கம் கேட்பதில்லை. வீட்டில் தறிக்குழி தூர்ந்து கிடக்கின்றது. பாவுக்கு நூல் வேண்டும். நூலைக் கடனாகக் கொடுப்பவர் யார்? இவர் நெய்யும் சேலை முடிந்தபின் கூலி பெறலாம். அதுவரை அரிசி கொடுப்பவர் யார்? மகளுக்கு வயது வந்துவிட்டது. பெண் கேட்டு வருபவர் யார்? சிறையில் இருந்தபோது அவருக்கு ஒரு துன்பமே இருந்தது. ஊருக்கு வந்தபின் அது ஒன்பதாகப் பெருகுகின்றது.

“நெருப்பில்லாமல் புகையுமா?” என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. பழமொழிகளுள் இதனை ஒத்த கொடியது வேறில்லை என்பது என் கருத்து. அடுப்புப் புகைக்கு அது பொருந்தும். வாயிலிருந்து எழும் புகைக்குப் பொருந்தாது. கோவலன் கையில் இருந்த சிலம்பைப் பார்த்து அரண்மனையார் கொண்ட ஐயத்திற்கும் நெருப்பு இல்லை. அவ்வழக்கில் உண்மை வெளிப்பட்டபோது கோவலன் உயிரோடு இல்லை. பாண்டியன் தன் உயிரைக் கொடுத்தும் அவனை மீட்க இயலவில்லை. உயிரோடு மீண்டு வந்து வாயிலில் நிற்பவனுக்கு நாம் செய்யத்தக்கது ஏதேனும் உண்டென்றால், அது பாண்டியனுக்குக் கிட்டாத வாய்ப்பாகும்.

விஜயராகவாச்சாரியாரை மக்கள் கைவிடவில்லை. ‘சேலத்து வீரர்’ என்றும், ‘தென்னாட்டுச் சிங்கம்’ என்றும் புகழ்ந்தனர். 1895-ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கினார். பிரான்சு நாட்டில் டிரைபஸ் என்னும் படைத்தலைவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்று 1894-இல் பொய்யாகத் தண்டிக்கப்பட்டார். 1906-இல் குற்றம் நீங்கி, எந்தப் படைப்பள்ளியில் அவருடைய வாள் ஒடிக்கப்பட்டதோ அங்கேயே விருது பெற்றார். பொதுவிடத்தில் பறித்த மானம் பொதுவிடத்திலேயே திருப்பித் தரப்பட்டது. ஆனால், இவ்விருவரும் கற்றவர்கள்; தம் பொருட்டுப் பேசத் தெரிந்தவர்கள்; பேசுவதற்குப் பிறரையும் பெற்றவர்கள்.

பேசத்தக்க ஒருவரும் இல்லாத மக்களின் நிலை என்ன? அதற்கும் இச்சமவெளியிலேயே சான்று இருக்கின்றது. கழுதைகளின்மேலும் எருதுகளின்மேலும் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக்கொண்டு, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்து வாணிகம் செய்தவர்கள் குறவர்களுள் ஒரு பிரிவினர். அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப்பாதையும் அவர்களுடைய தொழிலை அழித்தன. ஓரிடத்தில் நில்லாமல் அலைவதே குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 1871-இல் வடநாட்டில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பட்டியலில் ஏறிய குடியினர் கைரேகை வைக்க வேண்டும். குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். சீட்டு இன்றி ஊரைவிட்டு நீங்கலாகாது. எவன் திருடினான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குடியில் பிறந்தான் என்று மட்டுமே கேட்டது.

சென்னை மாகாணம் 1947-இல் அச்சட்டத்தை நீக்கியது. இந்தியா முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-இல் அது ஒழிந்தது. இன்று அம்மக்களைச் சீர்மரபினர் என்கிறோம். பெயர் மாறியது. ஆனால், ஊரில் ஒரு களவு நடந்தால் முதலில் அவர்கள் குடிசையை நோக்கும் கண் மாறிற்றா? சிறைவிதி நூல்களிலேயே அப்பழைய எண்ணம் தங்கியிருந்ததைக் கண்டு, அத்தகைய விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது 2024-ஆம் ஆண்டு அக்டோபரில். எழுபத்திரண்டு ஆண்டுகள்! விஜயராகவாச்சாரியார்க்கு ஈட்டுத்தொகை பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

சட்டம் மெல்லத்தான் நடக்கின்றது. எனினும் நடவாமல் இல்லை. பீகாரில் ஒருவர் 1968-இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றும், 1982 வரை பதினான்கு ஆண்டுகள் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு மேலும் 30,000 ரூபாய் தருமாறு உச்ச நீதிமன்றம் 1983-இல் ஆணையிட்டது. அரசு பறித்த உரிமைக்கு அரசே ஈடு செய்ய வேண்டும் என்பது அதுமுதல் வலுப்பெற்றது. 2018-ஆம் ஆண்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில், தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்க்குப் பணம் மட்டும் போதாது என்று கூறிற்று. உளநல உதவியும் தொழிற்பயிற்சியும் தரவேண்டும். வழக்கைக் காட்டி வேலையும் கல்வியும் மறுக்கப்படும் தடையையும் நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

நூலுக்கும் அரிசிக்கும் அலைந்த அந்த நெசவாளரை நினைத்தே எழுதியதுபோல் இருக்கின்றது அப்பரிந்துரை. ஆனால், ‘எப்போது வந்தீர்கள், வாருங்கள்’ என்று திண்ணையில் அவருக்கு இடம் விட்டு, ஒரு செம்பு நீர் கொடுப்பது எந்த அலுவலகத்தின் வேலையும் அன்று. அது அடுத்த வீட்டாரின் வேலை. இன்று அப்படி ஒருவர் உங்கள் தெருவுக்கு மீண்டு வந்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அவருடைய மகன் நாளைக் காலை புத்தகப் பையுடன் உங்கள் வகுப்பிற்கு வருவான். எந்தப் பலகையில் இடம் இருக்கிறது என்று வாயிலில் நின்று பார்ப்பான்.