கன்றின் மூச்சுக்கு முதலில் எது?

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இரண்டு மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுபவர் கன்றுக்கென ஒதுக்கும் பணம் கொஞ்சம்தான். மூக்கொழுகி, இருமி, காய்ச்சலில் சுருண்டு படுக்கவைக்கும் வைரஸ் நோய்களுக்கு முன்கூட்டியே காப்பு தேடினால் சீம்பால், தடுப்பூசி, கொட்டகைக் காற்று, டானிக் என நான்கு வழிகள் உண்டு. என் கணக்கில் சீம்பாலுக்கே முதலிடம். காசு செலவில்லை என்பதற்காக அல்ல. பசுவின் நஞ்சுக்கொடி தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குள் விடாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தப் புரதங்களைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் சில மணி நேரம் தாராளமாக நடக்கும். ஒரு நாளில் நின்றுபோகும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. அதில் பாதியாவது பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும். ‘நஞ்சு விழட்டும்’ என்று காத்திருப்பதில் நஷ்டம் கன்றுக்கு. நஞ்சு விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம், கன்று முட்டிக் குடிப்பதோ கருப்பை சுருங்க உதவும். சீம்பால் குடித்தால் கன்றுக்குக் கழியும் என்ற பயமும் வேண்டாம். முதல் சாணம் இளகி வெளியேறுவது நல்லதே. அக்கம்பக்கத்தார் கேட்கும் சீம்பாலை மறுநாள் கொடுக்கலாம்.

தடுப்பூசி இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். முகாமில் இலவசமாகப் போடுவது கோமாரி, புருசெல்லா போன்ற நோய்களுக்கு. சுவாச வைரஸுக்கு அல்ல. இளங்கன்றுக்கு ஊசி போட்டாலும் சீம்பால் வழி வந்த புரதங்களே அதன் வேலையை மழுங்கடிக்கும். மூக்கில் விடும் தடுப்பு மருந்து இந்தத் தடையைப் பெரும்பாலும் தாண்டும் என்பதால் மேலை நாட்டுப் பண்ணைகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. சினைப் பசுவுக்கு உரிய ஊசி போட்டால் சீம்பாலின் வலு கூடும், ஆனால் அதுவும் கன்று குடித்தால்தான். சந்தையில் அடிக்கடி மாடு வாங்கிச் சேர்ப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு முடிவெடுக்கலாம்.

ஆலைப் புகை சூழ்ந்த ஊரில் கொட்டகையைத் திறந்துவைத்து என்ன பயன் என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் எண்ணூரில் கசிந்த அமோனியா தொண்டையையும் கண்ணையும் என்ன செய்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும். ஆனால் கொட்டகைக்குள் தேங்கிய மூத்திரத்திலிருந்தும் அதே வாயு சிறிதளவில் நாள்தோறும் எழுகிறது; வைரஸை வெளியே தள்ளும் மூச்சுக்குழல் மயிரிழைகளை முடக்குகிறது. கன்றின் மூக்குயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் சாக்குப் படுதாவைச் சுருட்டித் தரையைக் கழுவுங்கள், கன்று ஈரத்தில் படுக்கவேண்டாம்.

டானிக் கடைசி. வைட்டமின் ஈ, துத்தநாகம், செலினியம் எல்லாம் உடலில் பற்றாக்குறை இருந்தால்தான் பலன் தரும். செலினியம் அளவு மீறினால் விஷம். இரண்டு டானிக் சேர்த்து ஊற்றும் வீடுகளில் இரண்டிலும் அது இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.