ஆர்க்கிட் செடியின் காற்று வேர்களும் தொட்டி மாற்றுதலும்

வீட்டில் வளர்க்கப்படும் ஃபலனாப்சிஸ், வாண்டா ஆகிய ஆர்க்கிடுகளின் வேர்கள் தொட்டியின் விளிம்பைக் கடந்து நீளக் கண்டதும், செடிக்கு இடம் போதவில்லை எனக் கருதி, அவற்றை மண்ணில் புதைத்துவிடுவோர் பலர். செடி அழுகி மடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவை காட்டில் மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல. கிளையில் வழியும் மழைநீரே இவற்றிற்கு ஆதாரம். அதற்கேற்ப வேரைச் சுற்றி 'வெலாமென்' எனப்படும் உறை அமைந்துள்ளது. முதிர்ந்தபின் இவ்வுறையின் ஸெல்கள் உயிரற்ற வெறுங்கூடுகளாய் நிற்பதால், நீர் பட்டதும் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்தபோது அக்கூடுகளில் காற்று நிறைந்து வேர் வெள்ளிபோல் தோன்றும்; நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சையம் தெரியும். உலர்ந்த வேரில் சில துளி நீர் தெளித்து, ஆசிரியர் இதனை வகுப்பிலேயே காட்டலாம். நீர் ஊற்றவேண்டிய வேளையையும் இந்நிறமே அறிவிக்கும். இடையறாது நனைந்திருக்கும் வேருக்குக் காற்றுக் கிட்டாது, அது அழுகும்.

ஆகவே, தொட்டி மாற்றுவதற்கு அறிகுறி வெளிவேர் அன்று; உள்ளிட்ட மரப்பட்டையோ தேங்காய் மட்டைத் துண்டோ மட்கித் தூளாவதே. ஏறக்குறைய 2 ஆண்டுகளில் இது நேரும். பூத்து முடிந்து, புதிய வேர்நுனிகள் தோன்றும் காலமே ஏற்றது. பழுப்பேறிக் குழைந்த வேர்களை, தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் நீக்கி, புதிய பட்டை, கரித்துண்டுகளிடையே செடியை நிறுத்துக. வாண்டாவுக்கோ இவையும் மிகை. வெறும் மரக்கூடையில் தொங்கவிட்டாலே போதும். காற்றில் வளர்ந்த வேர்களை வளைத்து உள்ளே திணித்தல் ஆகாது. வெண்ணிற வேர் பட்டுப்போனதென்று எண்ணி வெட்டுவாரும் உளர். விரலால் அழுத்தும்போது உறுதியாயிருப்பது உயிருள்ள வேரே.