நீரும் வானூர்தியும்

மண்டபத்துக் கடற்கரையில் காற்றுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. குடிநீர் ஒன்றே அரிது. இம்மாவட்டத்துக் கமுதியில், கதிரவன் ஒளியால் இயங்கும் 648 மெகாவாட் மின்நிலையம் 2016இல் எழுந்தது. இத்தகைய மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறுவதே பசுமை ஹைட்ரஜன். அஃது எரியுங்கால் கரியமிலவாயு தோன்றுவதில்லை. ஆதலின், அதனை வானூர்திக்கு எரிபொருளாக்க அறிஞர் முயல்கின்றனர்.

எடைக்கு எடை, அது விமான எரிநெய்யினும் ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றல் தரும். ஆயினும், அதனைத் திரவமாக்கச் சுழியத்துக்குக் கீழ் 253 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தல் வேண்டும். அப்பொழுதும், அதே ஆற்றலுக்கு நான்மடங்கு இடம் கொள்ளும். எனவே, எங்கு ஆக்குவது, எவ்வழிக் கொண்டுசெல்வது, எந்நிலையத்தில் சேமிப்பது என்பவற்றை ஒருங்கே ஆராய்ந்து திட்டமிடல் இன்றியமையாதது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025இல் சிறியதொரு முன்னோடி ஆலை தொடங்கப்பெற்றது. நாளை மண்டபக் கரையிலும் ஆலை அமையலாம். மாணவர்களே, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தூய நீரேனும் வேண்டும். அதனை ஊர்க்கிணற்றில் இறைத்தால் குடத்துடன் காத்திருப்போர் என் செய்வர்? கடல்நீரை நன்னீராக்கலாம், எனினும், எஞ்சும் உவர்நீர் மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளைக் கெடாதவாறு காத்தல் வேண்டும். வானில் பறக்க விழைவோர் தரையில் வாழ்வோரின் தாகத்தை மறத்தல் தகுமோ?