துரத்தியது வறுமையா, வரியா?

நம்பிக்கை: ஊரில் பிழைப்பில்லாததால்தான் ஆப்பிரிக்கர்கள் ஜொகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள்.

உண்மை: பிழைப்பு இருந்தது, அதைப் பறித்தார்கள். 1886-இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைப்பதற்கு முன்பே, இன்றைய லெசோத்தோவின் உழவர்கள் கிம்பர்லி வைரச் சுரங்க நகருக்குத் தானியம் விற்றவர்கள். சொந்தச் சோறு உண்பவன் பூமிக்கடியில் இறங்குவானா? ஆகவே குடிசைக்கு வரி போட்டார்கள். கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸ் 1894-இல் கொண்டுவந்த கிளென் கிரே சட்டம், ஆண்டில் மூன்று மாதமாவது வெளியூர்க் கூலிக்குப் போகாத ஆணிடம் 10 ஷில்லிங் வரி கேட்டது. 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்தது தென்னாப்பிரிக்க நிலத்தில் சுமார் 7 விழுக்காடு. நேட்டாலில் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடித்த நம்மவர்கள் தலையில் விழுந்த 3 பவுன் வரியும் இதே கணக்குதான்: கட்ட முடியாவிட்டால் மறுபடி கைநாட்டு வை, அல்லது கப்பலேறு.

நம்பிக்கை: ஆள் பற்றாக்குறை வந்தால் கூலி தானாக ஏறும்.

உண்மை: ஆள் இல்லை என்ற புலம்பல் ஓயவே இல்லை, கூலிதான் ஏறவில்லை. பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் வில்சன் கணக்கிட்டபடி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளியின் 1969-ஆம் ஆண்டுக் கூலி, 1911-இல் பெற்றதைவிட உயர்ந்ததல்ல. முதலாளிகள் ஆளுக்காகத் தங்களுக்குள் போட்டியிடவில்லை என்பதே காரணம். அவர்களுடைய சங்கம் கூலிக்கு உச்சவரம்பு கட்டியது. வெனெலா என்ற ஆள்சேர்ப்பு அமைப்பு மொசாம்பிக், நியாசாலாந்து (இன்றைய மலாவி) என்று வலையை விரித்துக்கொண்டே போனது. 1904 முதல் சில ஆண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களைக்கூட இறக்கினார்கள்.

நம்பிக்கை: ஆள் அனுப்பிய நாடுகள் கைகட்டி நின்றன.

உண்மை: மொசாம்பிக்கை ஆண்ட போர்ச்சுகல் நிற்கவில்லை, சம்பாதித்தது. மொசாம்பிக் தொழிலாளியின் கூலியில் பிடித்துவைத்த பங்கை அரசு விலையில் தங்கமாக வாங்கிச் சந்தை விலைக்கு விற்றது. உழைத்தவன் கையில் எஸ்குடோ நோட்டு. மலாவியின் கதை வேறு. 1974-இல் ஊர் திரும்பிய தொழிலாளர்களின் விமானம் போட்ஸ்வானாவில் விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், அதிபர் பண்டா ஆள்சேர்ப்பை நிறுத்தினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலாவியர்கள் உழைத்த இடம் காலியாகத் தொடங்கியது. உள்ளூர் ஆட்களை ஈர்க்கக் கூலியை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. தங்க விலையும் அப்போது எகிறியிருந்தது. அறுபது ஆண்டுகளாகக் கட்டுப்படியாகாத கூலி உயர்வு, சில ஆண்டுகளுக்குள் பல மடங்காகக் கட்டுப்படியானது.